முள் எப்போ விழுந்துச்சு

மூன்றடைப்புக்குத் தெற்கே, ரோடு கொஞ்சம் ஏறுகிற இடத்தில்
'உவரி சுயம்பு துணை' என்று நெற்றியில் எழுதிய லாரி
மூஞ்சியைத் திறந்துபோட்டு நிற்கிறது.
பழைய லைலண்டு. ஆறு டயர், அதில் இரண்டு மொட்டை.
பின்னால் திசையன்விளை முருங்கைக்காய், கட்டுக் கட்டாய்.
நனைத்துப் போர்த்திய சாக்கு காய்ந்தேவிட்டது.
மணி பதினொன்றரை. நயினார்குளம் சந்தையை
இந்நேரம் கூட்டிப் பெருக்கியிருப்பார்கள்.

பைக்கை விட்டு இறங்குமுன்னே சேர்மக்கனி சொன்னான்:
'சூடு ஏறுனதும் நிப்பாட்டிட்டேண்ணே. உடனே.'
நான் கேட்கவே இல்லை.

சாவியைத் திருகச் சொன்னேன்.
டக்.
ஒரே ஒரு டக். வட்டிக்காரன் கதவை ஒருமுறை தட்டிவிட்டு
காது கொடுத்து நிற்பதுபோல்.
ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை.
வெளிச்சம் மங்கியது, அணையவில்லை.
பேட்டரியில் உயிர் இருக்கிறது. செல்ஃபும் பாவம், முட்டிப் பார்க்கிறது.
உள்ளே என்னவோ கதவுக்குக் குறுக்கே படுத்திருக்கிறது.

மேல் ஹோஸ் கிழிந்த இடத்தில்
சைக்கிள் டியூபை வார்ந்து சுற்றியிருந்தது.
இன்றைய கட்டு இல்லை. அதன்மேல் மாதக்கணக்கில் தூசி.
தூசிக்கு மேல் இன்றைய கட்டு: அவன் தலைத்துண்டு.

'தண்ணி ஊத்துனியா?'
'மூணு கேன்.'
'ஆறவிட்டா?'
'ஒரு பீடி நேரம்.'

சாக்கைப் பிடித்து மூடியைத் திருகினேன்.
ரேடியேட்டருக்குள் துருவும் இருட்டும்.
வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.
செம்மண் காய்ந்து கிடக்கிறது,
எறும்புச் சாரி ஒன்று வளையாமல் நேராகப் போகிறது.
மூணு கேன் தண்ணி எங்கலே போச்சு?

ஆயில் குச்சியை உருவினேன்.
பால் கூடிப்போன டீ.

மேற்கேயிருந்து காற்று மண்ணை வாரி அடித்தது.
தூரத்தில் காற்றாடிகள், நூறாவது இருக்கும், சுற்றுகின்றன.
இவ்வளவு காற்றிலும் வெந்திருக்கிறது இது.

கிராங்க் போல்ட்டில் பைப்பைக் கோத்து
இரண்டு பேரும் தொங்கினோம்.
கால் சுற்று வந்தது, இடித்து நின்றது.
எதிர்ப்பக்கம் தள்ளினால் வருகிறது.
அப்போ பிஸ்டன் ஒட்டவில்லை. அவன் கும்பிட்டான்.
'இருலே' என்றேன். காற்றை நசுக்கலாம்,
தண்ணீர் நசுங்காது.

ஆறு நாசிலையும் கழற்றி வரிசையாய்த் துணியில் வைத்தேன்.
'இப்போ அடி.'
மூன்றாவது ஓட்டையிலிருந்து ஆள் உயரத்துக்கு
செம்பு நிறத் தண்ணீர் பீறிட்டு
அவன் சட்டையை நனைத்தது, என் கண்ணாடியை நனைத்தது.
எஞ்சின் தடையில்லாமல் சுற்றியது,
பாரம் இறக்கிய மாடு மாதிரி.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:
'முள் எப்போ விழுந்துச்சு?'

கொஞ்ச நேரம் எறும்பைப் பார்த்தான்.
'நாங்குநேரி தாண்டி செவப்புல நின்னுச்சுண்ணே.
பொறவு தானா எறங்குச்சு. பச்சைக்கும் கீழ.
ஆறிட்டுன்னு நெனச்சேன்.
சந்தைக்குப் பிந்திரும்னு மிதிச்சேன்.'

தண்ணீரில் முங்கி நின்றால்தான் அந்த முள்ளுக்குப் பேச்சு.
தண்ணீர் இறங்கிப்போனால் அதற்குத் தொட ஒன்றுமில்லை,
வெறுமையைத் தொட்டுக்கொண்டு
குளிர்ச்சி என்று சொல்லும்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
சட்டை ஈரத்தோடு நிற்பவனிடம் எதைச் சொல்ல.

போன் அடித்தது. முதலாளி தாசையா அண்ணாச்சி.
'என்னவே, பய ஓட்டிக் கெடுத்துட்டானா?'

'ஹெட்டு கீறியிருக்கும் அண்ணாச்சி, கேஸ்கெட்டும் போச்சு.
அது இன்னைக்கு.'
மூச்சு வாங்கினேன்.
'ஹோஸ் மாசியிலயே போச்சு.
மாத்தச் சொன்னேம்லா. நானூறு ரூவா.'

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது.
பிறகு அதையும் யாரோ குறைத்தார்கள்.
'சரி' என்றார், ரொம்ப மெதுவாக.
ஆறிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை.

சேர்மக்கனி பின்கதவைத் திறந்து
காய்க் கட்டுகளை இறக்கத் தொடங்கியிருந்தான்,
வாடாதவற்றை முதலில்.