நாற்பத்தொன்றாவது ஆள்

மன்னார்குடி, பந்தலடிக்குப் பின்னால்
உரக்கடை மாடியில் எங்கள் சர்வர்.
கீழிருந்து யூரியா வாடை ஏறும்.
எட்டே எட்டு இழை அதற்கு:
ஒரு நேரத்தில் எட்டுப் பேருக்குத்தான் காது கொடுக்கும்.

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள்.
விடிகாலையிலிருந்து மழை.
கோட்டூர், வடுவூர், முத்துப்பேட்டை,
எல்லா ஊரும் ஒரே பொத்தானை அழுத்துகிறது.

ஒவ்வொரு இழையும் பட்டா சரிபார்க்க
எங்கோ சென்னையில் இன்னொரு சர்வரைக் கேட்டுவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.
வேலை நடக்கவில்லை;
இடமும் காலியில்லை.

வரிசைக்கு எல்லை வைக்காதவர் ஜபருல்லா.
"வந்தவங்களை எப்படி மேடம் திருப்பி அனுப்புறது?"
நல்ல மனசு. அதனால்தான்
பத்தரை மணிக்கு வரிசையில் ஒன்பதாயிரம்.
சுற்றும் வட்டத்தைப் பார்த்துச் சலித்தவர்கள்
மறுபடி அழுத்தினார்கள். ஓர் ஆள் ஐந்து ஆளானார்.
சர்வரோ
எப்போதோ எழுந்து போனவர்களுக்கு
ஒழுங்காக, முறைப்படி
விடை எழுதிக்கொண்டிருந்தது.

கொள்ளிடம் என்று அந்த ஆற்றுக்கு
யார் பேர் வைத்தார்களோ.
மிச்சத்தை அதில் தள்ளிவிட்டுத்தான்
காவிரி வயலுக்கு வருகிறது.
எனக்குத் தள்ள ஓர் ஆறு இல்லை.
ஒரு வாக்கியம் இருந்தது.

நாற்பது என்று எழுதினேன்.
நாற்பத்தொன்றாவது ஆளுக்கு உடனே:
"இப்போது இடமில்லை. சற்றுக் கழித்து வாருங்கள்."
எத்தனை நிமிடம்?
ஒருவருக்கு ஏழு, ஒருவருக்குப் பத்தொன்பது.
எல்லோருக்கும் பன்னிரண்டென்றால்
பன்னிரண்டாம் நிமிடம் மறுபடி இதே கூட்டம்.
ஐந்து நொடியில் பட்டா பதில் வராவிட்டால்
இழையே, விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்.

ஜபருல்லா என் பக்கம் திரும்பவில்லை.

மதியம் ஒரு போன். நெடுவாக்கோட்டை, சகாயமேரி.
"இல்லன்னு பட்டுன்னு சொல்லிடுச்சும்மா உங்க மிஷினு.
போயி மாட்டை அவுத்து மேட்டுல கட்டிட்டு வந்தேன்,
ஏறிடுச்சு.
காலைல மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன்,
ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
ஜபருல்லா டீ வாங்கப் போனார்.
மூன்று டீயோடு வந்தார்.
நாங்கள் இரண்டு பேர்தான்.

நள்ளிரவில் மழை விட்டது.
பதிவைத் திறந்து எண்ணினேன்.
திருப்பியனுப்பியவர்களில் அநேகம் பேர்
திரும்ப வந்து பதிந்திருக்கிறார்கள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வரவில்லை.
வேறெங்காவது கட்டியிருக்கலாம்.
கரண்ட் போயிருக்கலாம்.
கூப்பிட்டுக் கேட்க வழியில்லை.
படிக்காமல் திருப்பினால்தான் வேகம் என்று
பெயரைக் கேட்கும் முன்பே
திருப்பிவிட்டிருந்தேன்.