கரடி இல்லாத படிவம்

பெற்றோருக்குப் பதினொரு பக்கம்.
குழந்தைக்கு ஒரே பக்கம்;
அதில் சிவப்புத் துண்டு சுற்றிய ஒரு கரடி,
கரடிக்குக் கீழே இரண்டு கட்டம்:
சரி. வேண்டாம்.

ஜனவரி. உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்
வட்டக் கூடாரங்கள் விடிந்ததிலிருந்து
நிலக்கரியை இருமிக்கொண்டிருந்தன.
நோமின்சுல்லுக்கு எட்டு வயது.
அவள் மூச்சிழுத்தால்
அடிபிடித்த பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம்.

"வேண்டாம்னு போட்டா கரடி அழுமா?"
அழாது என்றேன்.
"நீங்க?"
நானும்தான் என்றேன்,
கொஞ்சம் தாமதமாக.

அம்மா முன்பே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டிருந்தாள்.
பேருந்துக் காசு தருவோம்.
மாதம் ஒருமுறை மருத்துவர் நெஞ்சில் காது வைப்பார்.
அதற்கென்றே இரண்டு பேருந்து மாறி வந்தவளிடம்
'முழு விருப்பத்துடன்' என்ற வரியை
இருமுறை வாசித்துக் காட்டினேன்.
விதி அப்படி.

பழைய மருந்து எல்லோருக்கும் உண்டு.
புதிய பம்ப்பில் பாதிப் பேருக்கு மருந்து,
மீதிப் பேருக்கு வெறும் காற்று.
"என்னோடது எது?"
தெரியாது.
"டாக்டருக்கு?"
அவருக்கும் தெரியாது.
"தெரியாமலா குடுக்கறீங்க!"
சிரித்தாள், சிரிப்பு இருமலானது,
கட்டத்தைத் தாண்டி ஓடியது
அவள் போட்ட 'சரி'.

மார்ச்சில்
கையுறைக்குள்ளிருந்து அவள் எடுத்து நீட்டிய பம்ப்பில்
வேறு எண். நாற்பத்தேழு.
பக்கத்து வேலித் தெமூலெனுடையது.

தினமும் பள்ளி வாசலில் மாற்றிக்கொள்வார்களாம்.
"ஒண்ணுல இருக்கு, ஒண்ணுல இல்லைன்னீங்க.
இப்ப ரெண்டு பேருக்கும் பாதி."
இரண்டிலுமே காற்றாக இருந்தால்?
யோசித்தாள்.
"அப்ப யாருக்கும் யார் மேலயும் கோபம் வராது."

டாக்டர் கன்சோரிக் நல்லவர், கத்தவில்லை.
இரண்டு வரிகளை மஞ்சளாக்கிவிட்டு
உப்புத் தேநீர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மீறலுக்கான காரணம் என்ற இடத்தில்
'பகிர்ந்துகொண்டனர்' என்று எழுதினேன்.
கணினி ஏற்கவில்லை.
பட்டியலில் ஒன்றைத் தொடச் சொன்னது:
மறதி, தொலைந்தது, புரிதல் குறைவு.
மூன்றாவதைத் தொட்டேன்.
யாருடைய புரிதல் என்று
அது கேட்கவில்லை.

விலகல் படிவத்தை நோமின்சுல்லிடம் கொடுத்தேன்.
திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கமும் கரடி இல்லை.