கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்

கல்லல் மில்லிலிருந்து வரும் உமியைச்
சலித்துத்தான் பரப்புவார் சேவுகன் அண்ணன்.
கல் கிடந்தால் அதுகளுக்குக் கால் நோகுமாம்.
ஊசிக்கு வராத இரக்கம்
உமிக்கு வந்துவிடுகிறது எங்களுக்கு.

தலையில் ஒரு மஞ்சள் பொட்டு, முதுகில் ஒன்று,
வாலடியில் ஒன்று. அவ்வளவுதான் அடையாளம்.
பெயர் வைத்தால்
ஆறாவது வாரம் கை நடுங்கும்.

காரைக்குடியில் வெயில் ஏறுமுன்
ஒரு துளி உப்புநீர், ஒரு துளி நீலச்சாயம்.
கண்ணாடித் தகட்டில் அவளவள் நாள் தெரிந்துவிடும்.
நொறுங்கிய அப்பளமாய்ச் செல்கள் கிடந்தால்
இன்று சினைப்பருவம்.
பொடிக்கடுகாய் வெள்ளணுக்கள் என்றால் ஓய்வு.
நான்கே நாளில் ஒரு மாதத்தை முடிக்கும் உடம்பு.
எனக்கு எழுபது நாளாகியும்
முடியவில்லை இந்த மாதம்.

லெட்ரோசோல், கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்,
வளைந்த குழல்வழி நேரே வயிற்றுக்குள்.
இருபத்தொரு நாளில் சினைப்பை நீர்க்கட்டி கோக்கும்,
சுழற்சி நிற்கும்.
நின்றால் குறிப்பேட்டில் 'மாதிரி தயார்' என்று எழுதுவேன்.
நாங்கள் சோதிக்கும் மருந்தின் முறை
அதற்குப் பிறகுதான்.

அதே லெட்ரோசோல் என் கைப்பையிலும் இருக்கிறது.
செக்காலை டாக்டரம்மா எழுதித் தந்தது,
இரண்டரை மில்லிகிராம், ஐந்து நாள், முட்டை வளர.
அங்கே பூட்டுவதும் இங்கே திறப்பதும் ஒன்றே.
அளவுதான் வேறு, காலம்தான் வேறு என்று
ஜூனியர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.
ஆனாலும் ஒரு மதியம்
என்னையும் கணக்குப் போட்டேன்.
அறுபத்திரண்டு கிலோ,
அறுபத்திரண்டு மில்லிகிராம்,
இருபத்தைந்து மாத்திரைக்குக் கொஞ்சம் குறைவு.
தாளைக் கிழித்துத்
தயிர்சாத டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

பதினாலாம் எலிக்கு மட்டும் நிற்கவில்லை.
பதினேழாம் நாளும் அப்பளம்.
இருபத்தொன்றாம் நாளும்.
கூண்டுக் கம்பியைப் பிடித்து நின்று
மீசையால் என் கையுறையை மோந்தது.

"நீக்கிடு உமையா, சராசரி கெடும்" என்றார் நெறியாளர்.
அவரைக் குறை சொல்ல முடியாது.
மாதிரி ஆகாததை விலக்குவது என்ற விதியை
எலிகள் வந்து இறங்கும் முன்பே
கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தான்.
சிவப்பு மையால் கோடு போட்டேன்.
விலக்கினாலும் உயிர் மிஞ்சாது,
அதுவும் அதே விதியில்
அடுத்த பத்தியில் இருக்கிறது.

ஏதோ ஒரு ஊர் அட்டவணையில்
என் போன்றவளுக்கும் ஒரு வரி இருக்கும்,
'மருந்துக்குப் பதில் தராதவர்' என்று.
அதன்மேல் யார் கோடு போடுவார்,
என்ன மையில்?

ஐந்தரை மணி தேவகோட்டை பஸ்ஸுக்கு
வெள்ளைக் கோட்டைக் கழற்றும்போது
வாசலில் நின்று கேட்கிறார் சேவுகன் அண்ணன்:
"கணக்குல இல்லாத பதினாலுக்கு
தீனி வைக்கணுமா, வேணாமாம்மா?"

வையுங்கள் அண்ணே.
ஊறின கொண்டைக்கடலை இருந்தால்
அதையும்.