கண் வைக்காத கல்

பர்கூர் தாண்டி ஜெகதேவி சாலையில்
மூன்றாவது பாலிஷ் பட்டறை.
எனக்கு இராத்திரி ஷிப்ட்.
கையில் வைர முனை ஊசி,
எதிரே நாலடிக் கருங்கல்.
முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்,
அவ்வளவு கறுப்பு, அவ்வளவு மினுக்கு.

செத்தவர்கள் தலைமாட்டுக்குப் போகிற கல்.
போலந்துக்குப் போயிருக்கிறது, ஜப்பானுக்கும்.
இந்த முறை மெக்சிகோ.
எலேயாசர் என்று பெயர், கீழே இரண்டு தேதி.
கழித்துப் பார்த்தேன்,
பதினாலு வயசு.

கூடவே ஒரு படம்.
பையன் கணக்கு நோட்டில் வரைந்தது,
கட்டங்கள் தெரிகின்றன.
இடப்பக்கம் மனுசன்.
வலப்பக்கம் கொம்பு, கோரைப்பல், தோலெல்லாம் சிறுத்தைப் புள்ளி.
மார்பில் புகை கக்கும் வட்டக் கண்ணாடி.
காலில் பெருவிரல் பிரிந்த துணிச் செருப்பு,
சத்தம் வராமல் கூரைமேல் நடக்க.
இடுப்பில் எறிகிற நட்சத்திரங்கள்,
ராயக்கோட்டைத் தக்காளிக் காம்பைக் கிள்ளி
வரிசையாய்க் கோத்த மாதிரி.
ஓரமெல்லாம் செண்டுமல்லி.
காவேரிப்பட்டணத்தில் கிலோ இருபதுக்கு விற்கிற பூ
அவ்வளவு தூரம் எப்படிப் போனது?

கண் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கறுப்புப் பட்டை.

சூப்பர்வைசர் திம்மராஜ் உதட்டைப் பிதுக்கினார்.
"அரக்கனுக்குப் பொறந்தவன் போல.
பையன் கண்ணை மறந்துட்டான் பாரு கோவிந்தி.
நீயே ரெண்டு வச்சிடு.
மூளிக்கல்லை எவன் வாங்குவான்?"

ஆபீஸ் பெண் செல்போனைக் காட்டிப்
படத்தின் அடிக்குறிப்பைத் தமிழாக்கினாள்:
சூரியனிடம் கண்ணை அடகு வைத்தவன்.
மறுநாள் விடிய வேண்டும் என்பதற்காக.
அவ்வளவுதான் எழுதியிருந்தது.
மீட்டானா இல்லையா என்று
எழுத நாள் இல்லை போலிருக்கிறது.

சாமிக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள்.
அதுவரைக்கும் கல்,
அப்புறம் தெய்வம்.
உளியை ஓங்கி இன்னும் இறக்காத
அந்த நேரத்தில் நிற்கிறவனை
என்னவென்று கூப்பிடுவது?

நான் வரும் வழியில் மாந்தோப்புக்குள் ஒரு நடுகல்.
மாடு மீட்கப் போய்ச் செத்தவன்.
வில் இருக்கிறது, விலாவில் தைத்த அம்பும் இருக்கிறது,
முகத்தை மழை தின்றுவிட்டது.
காய்ப்புக்கு முன்னால் மஞ்சள் பூசுகிறார்கள்,
கோழி அறுக்கிறார்கள்.
கண் எங்கேடா என்று
ஒருத்தரும் அவனைக் கேட்டதில்லை.

கொம்பு முடித்தேன், பல் முடித்தேன்.
புள்ளி புள்ளியாய் வெள்ளை எழும்பி
பட்டை மட்டும் பாக்கி இருந்தபோது
பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.

விரலால் தடவினேன்.
சொரசொரப்பு அவன், வழவழப்பு இருட்டு.
பின்னால் யாரோ நடந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்,
ஒரு சத்தமும் கேட்கவில்லை.
சத்தம் கேட்காமல் நடப்பதுதான் அவனுக்குத் தொழில்
என்பது பிறகுதான் உறைத்தது.
கேட்டில் கட்டிய நாய் குரைக்கவில்லை.
சங்கிலி மட்டும் லேசாகக் குலுங்கியது,
தெரிந்தவரைப் பார்த்து வாலாட்டும்போது
குலுங்குமே, அப்படி.

பட்டையில் விரல் நின்றது.
ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

கரண்ட் வந்ததும் கல்லுக்கு எதிரே நான்தான் இருந்தேன்.
கொம்புக்குக் கீழே, பல்லுக்கு மேலே
செதுக்காத அந்தக் கறுப்பில்
என் கண் இரண்டும்
திருதிருவென்று முழித்தன.

காலையில் திம்மராஜ் வந்தார்.
குனிந்தார்.
தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.
"அட, வச்சிட்டியே!
ஆளைப் பார்த்த மாதிரியே இருக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கூலி சதுர அங்குலக் கணக்கு.
பட்டைக்கு உண்டானதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு
முகம் கழுவப் போனேன்.
மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற சத்தம்
குழாயடி வரை கேட்டது.