பத்து அம்பியர்

கல்லுண்டாய் வெளியில் எட்டு மணிக்குப் பிறகு
வெளிச்சம் என்று ஒன்றும் இல்லை.
தாரின் மிச்சச் சூட்டுக்கு
மாடுகள் றோட்டில் படுத்திருக்கும்.
மருந்துக்கடையைப் பூட்டிக்கொண்டு
அராலிக்கு நான் வரும் பாதை அது.
என் பிளற்றினாவின் பழைய மஞ்சள் லைற்
அயலுக்குக் கடன் கேட்க வந்தவள் மாதிரி
முன்சில்லுக்கு அங்கால் போகக் கூசும்.

அதனால்தான் கஸ்தூரியார் வீதியில்
மூவாயிரத்து இருநூறு கொடுத்து
வெள்ளை எல்ஈடி ஒன்று வாங்கினேன்.
பெட்டியில் படம் இருந்தது. எழுத்து சீனம்.
"ரெண்டு வயரை வெட்டி ரெண்டு வயரை முறுக்கினாச் சரி அக்கா."
கடைப்பெடியன் பொய் சொல்லவில்லை.
எந்த ரெண்டு என்று
நான்தான் கேட்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் முறுக்கினேன்.
அரை நிமிடம்
எதிர்வீட்டு முருங்கையில் மயிர்க்கொட்டிகளை எண்ணலாம் போல இருந்தது.
பிறகு டிக் என்றது.
பியூஸ்.

இதற்கு அடுத்தது
தவராசாவுக்கு நான் இன்னும் சொல்லாதது.
ஞாயிறு, கடை ஒன்றும் இல்லை.
கைப்பைக்குள் பனடோல் கார்ட் கிடந்தது.
வெள்ளித் தாளை உரித்துச் சுருட்டி
பியூஸ் இருந்த இடத்தில் செருகினேன்.
நாளுக்கு மூன்று தரம், சாப்பாட்டுக்குப் பிறகு,
கூடப் போடக்கூடாது என்று
ஊருக்கெல்லாம் அளவு சொல்லுகிற நான்.

முதலில் மணந்தது.
பிறகு சீற்றுக்கு அடியிலிருந்து நூல் மாதிரிப் புகை.
பற்றரியைக் கழற்றப் பத்தாம் நம்பர் சாவியைத் தேடினேன்,
முற்றம் முழுக்கத் தேடினேன்.
அது என் கையில் இருந்தது.

திங்கள் காலை
அந்தோனிமுத்துவின் கராச்சுக்கு உருட்டினேன்.
சீற்றைத் தூக்கிப் பார்த்தார்,
மெதுவாகத் திரும்ப இறக்கி வைத்தார்.
"பழுதான மோட்டச்சைக்கிள் எண்டாத் திருத்துவன் தங்கச்சி.
திருத்தின மோட்டச்சைக்கிளைத் திருத்த
எனக்குத் தெரியாது."
திரும்ப உருட்டினேன்.

நாலு இரவு.
விறாந்தையில் ஒரு சாக்கு, ஒரு நுளம்புத்திரி.
ரோச் பிடித்தவர் தவராசா,
நான் பார்க்கும் இடத்துக்கு அல்ல,
அவர் பார்க்கும் இடத்துக்கு.
உருகினதில் எல்லா வயரும் ஒரே கறுப்பு.
இந்த முனையை இழுத்து
அந்த முனை ஆடுகிறதா என்று பார்த்து
காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் பெயர் எழுதினேன்:
இடது சிக்னல்.
பிறேக் லைற்.
இது ஆர்?

புதன் இரவு
பிறேக் பிடித்தால் ஹோர்ன் அடித்தது,
ஹோர்ன் அடித்தால் இடப்பக்கம் மினுங்கியது.
தவராசா சிரித்தார்.
நான் அவரிடமிருந்து ரோச்சைப் பறித்தேன்.

வியாழன் பதினொன்றரைக்குக் கண்டேன்.
பெற்றோல் ராங்கின் போல்ட்டுக்கு அடியில்
நசிந்து, தோல் உரிந்து, ஒரு வயர்.
செம்பு இரும்பைத் தொட்டபடி.
அந்தப் போல்ட்டைப் பூட்டினதும் நான்தான்.
இனி ஒருநாளும் ஆடக்கூடாதென்று
பல்லைக் கடித்து இறுக்கினது
கைக்கு ஞாபகம் இருந்தது.

கனநேரம் ஒன்றும் செய்யவில்லை.
பிறகு ரேப் சுற்றினேன்.

பழைய மஞ்சள் பல்ப் திரும்பவும் முகப்பில்.
எல்ஈடி அலுமாரிக்குள், பெட்டியோடு.
அதையும் பூட்டுவேன்.
ரிலே ஒன்று வேண்டுமாம்;
எந்த இரண்டு என்று இந்தமுறை
தாளில் கீறி வாங்கி வைத்திருக்கிறேன்.
கைப்பைக்குள் புதுப் பியூஸ் மூன்று,
பனடோல் கார்டுக்குப் பக்கத்தில்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.
ஹாண்டிலை வலப்பக்கம் முழுதாக ஒடித்தால்
ஹோர்ன் தானாக அடிக்கிறது.
கல்லுண்டாயில் நேர் றோட்டு, தொல்லையில்லை,
மாடுகளும் எழும்புவதில்லை.
எங்கள் படலை வலப்பக்கம்.
எட்டே முக்காலுக்கு
நான் வேண்டாம் என்றாலும்
ஒழுங்கை முழுக்க அறிவிக்கிறது.
தவராசா உள்ளிருந்து
"கேக்குது, கேக்குது" என்கிறார்.