நாலே கால் கிலோ

மீன் தராசு கேட்டேன்.
"துப்பாக்கிக்கா?"
வவ்வாலுக்குச் செதில் சீவிக்கொண்டே
மரியபுஷ்பம் சிரித்தாள்.
"இன்னாத்த நிறுக்கப் போற, குண்டையா?"
இல்ல, விரலை.
நம்பவில்லை. ஆனாலும் கொடுத்தாள்
கொக்கியில் ஒரு செதில் மினுங்கும் சுருள்வில் தராசை.

மண்ணடி இரண்டாம் மாடியில்
மொய்தீன் பாயின் லைசென்சுக்குக் கீழே என் மேசை.
மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
அதற்குப் பெண்பால் இல்லை,
நானும் தேடவில்லை.

துரைக்கண்ணு கொண்டுவந்த ரைபிள்
வாய்வழி மருந்து தின்னும் சாதி.
முதல் வேலை, குழலுக்குள் கம்பியை விட்டு ஆழம் பார்ப்பது.
வெறும் வயிறு. சரி.
"முப்பத்தோரு வருஷம் ஹார்பர்ல கிரேன், மேஸ்திரி.
கண்டெய்னரை முட்டை மாதிரி இறக்குன கை.
இப்ப கிளப்புல அஞ்சு சுட்டா
நாலு கீழ, இடப்பக்கம்."
கட்டைவிரல் மூட்டைத் தேய்த்துக்கொண்டார்.

கொக்கியை விசையில் மாட்டி
மெல்ல, மிக மெல்ல இழுத்தேன்.
நாலே கால் கிலோ.
ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டே
குறி பார்த்திருக்கிறார் மனுஷன்.

பூட்டைக் கழற்றினேன்.
சுத்தியைப் பிடித்து நிறுத்தும் சின்ன நாக்கு,
அது விழுந்து உட்காரும் பள்ளம்.
இரண்டும் உரசுமிடத்தில்தான் எல்லாம்.
விளக்குக் கரி பூசி, கூட்டி, இழுத்து,
கரி அழிந்த இடத்தைக் கண்ணாடி வழியே பார்த்தேன்.
யாரோ ஒரு புண்ணியவான் அரத்தால் கீறியிருந்தான்.
எண்ணெய்க் கல்லில் நாக்கைத் தேய்த்தேன்.
கோணம் மாறக் கூடாது. மாறினால்
விரல் கேட்காமலே சுத்தி விழும்.
மூன்று சாயங்காலம்.
கீழே மீன்பாடி வண்டிகளும் அவற்றின் வசவுகளும்.

மூன்றே முக்கால்.
மூன்று நாளுக்கு அரைக் கிலோ!

அப்புறம்தான் உறைத்தது:
கட்டைக்கு வெளியே, என் உள்ளங்கையில்,
இதே பூட்டு வெண்ணெயாக விடுகிறது.
உள்ளே போனதும் முரண்டு பிடிக்கிறது.
நாக்கின் வால் முழுக்கக் கரி பூசி
மரத்துக்குள் திருகி, ஒரு தடவை இழுத்து, பிரித்தேன்.
மரத்தின் உள்சுவரில்
கடுகளவு கறுப்பு.

ராயபுரத்தில் அவர் வீடு கடலைப் பார்த்தது.
ஐப்பசி கார்த்திகை முழுக்க
உப்பீரம் குடித்துக் குடித்துக் கட்டை உப்பியிருக்கிறது.
உள்ளுக்குள்ளே, யாருக்கும் தெரியாமல்,
இரும்பின் வாலை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது.
நான் மூன்று நாளாக இரும்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நக அகல உளி.
சுரண்டியது ஒரு சிட்டிகைத் தூள்,
ஊதினால் போய்விடும். ஊதினேன். போய்விட்டது.
ஒன்றே முக்கால்.

துரைக்கண்ணு ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.
முகம் கிரேன் மேலே ஏறி இறங்கியது.
"இன்னும் கொஞ்சம் எடுங்க மேஸ்திரி,
மூச்சு பட்டாப் போதும்கிற மாதிரி."
மாட்டேன் என்றேன்.
சுத்தியை ஏற்றி, அடிக்கட்டையைத்
தரைப்பாயில் பத்துத் தடவை குத்திக் காட்டினேன்.
விழவில்லை.
"இதுக்கு மேல எடுத்தா
பதினோராவது தடவைக்கு நான் பொறுப்பில்ல.
விசைன்னா ஒரு வார்த்தை
எதிர்த்துப் பேசணும் சார்."
யோசித்தார். கிரேன்காரருக்குப் புரியும்.
"அடுத்த ஐப்பசி?"
மறுபடி உப்பும். கொண்டாங்க.

தராசைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.
மரியபுஷ்பம் முகர்ந்தாள்: "மண்ணெண்ண வாசன!"
அப்போதுதான் கவனித்தேன்,
வெறும் கொக்கி தொங்க
முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை.
ஐயோ, நான் கெடுத்துட்டேனா?
"அய்ய, அது எப்பவும் அப்டித்தான்.
கால் கிலோ தூக்கித்தான் காட்டும்.
உனக்குத் தெரியாதா?"

கானாங்கெளுத்தியைப் பையில் வாங்கிக்கொண்டிருந்த அம்மா
நிமிர்ந்து பார்த்தாள்
அவளை, தராசை,
அப்புறம் என்னை.