பூஜ்ஜியம் அங்குலம்

ஈசா டவுன் வெள்ளிச் சந்தையில்
துருப்பிடித்த மின்விசிறிக்கும் முக்கால் மேசைக்கும் நடுவே
ஒன்றரை தினாருக்கு வாங்கினேன் அந்தச் சின்ன இசைத்தட்டை.
எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கர் யாரோ
அவாலியில் வீட்டைக் காலி செய்தபோது
விட்டுப் போயிருக்க வேண்டும்.
உறை இல்லை. நடுவில் பெரிய ஓட்டை.
டெல்லா ரே ஹாஸ்கின் என்று பெயர்.
மூன்று நிமிடம் நாற்பத்தொரு நொடி.

பாட்டு தெரிந்ததுதான்.
ஜுஃபைர் ஓட்டலின் நாலாம் மாடியில்
பதினோரு வருடமாக ஒலிப்பலகைக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு
கன்ட்ரி பாட்டில் எது தெரியாது?
புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிறான்.
வறண்ட ஊர். வேலிக் கம்பத்தில் ஒரு மழைமானி.
வாரம் ஒரு கடிதம், அதில் ஒரே வரி:
இந்த வாரமும் பூஜ்ஜியம் அங்குலம்.
அவ்வளவுதான். பிறகு கிடார் அழும்.

இதைத்
தொப்பிக்காரர்கள் கண்ணை மூடிப் பாடியிருக்கிறார்கள்,
முப்பது வயலின் வைத்தும் பாடியிருக்கிறார்கள்.
பெய்ரூத்திலிருந்து வந்த ஜோடி
அங்குலத்தை மில்லிமீட்டராக்கிப் பாடியது, தாளம் இடறியது.
கோவாக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.
கடற்படைப் பையன்கள் 'பூஜ்ஜியம்' வரும்போதெல்லாம்
காலிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுவார்கள்.
கரோக்கி இயந்திரத்தில் அதற்குப் பின்னணிப் படம்
ஏதோ ஓர் அருவி.

கயேத்தானின் அறையில் ரெக்கார்ட் பிளேயர் இருந்தது.
முதல் சரணம் சரி. இரண்டாவதும் சரி.
ஊசியைத் தூக்கக் கை நீட்டினேன்.
அவள் நிறுத்தவில்லை.
மூச்சு இழுக்கிற சத்தம்,
பிறகு மூன்றாவதாக ஒன்று:

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது.
மானி நிரம்பி வழிந்தது.
வேலி வரை நடந்துபோய்
கவிழ்த்துவிட்டு வந்தேன்.
உனக்கு எழுதினேன், பூஜ்ஜியம்.

கயேத்தான் பாஸ் கிடாரைக் கட்டிலில் கிடத்தினான்.
"முதலில் எடுத்துப் பாடினவன் வெட்டியிருக்கிறான்,
மற்றவர்கள் வெட்டினதையே பார்த்து எழுதிக்கொண்டார்கள்."
ரேடியோவுக்கு நீளம் என்று சொல்லியிருப்பார்கள்.
இருக்கலாம்.
நீளம் எப்போதும் நல்ல காரணம்.

மாரிவிக் அதை டிஷ்யூ தாளில் எழுதிக்கொண்டாள்.
இரண்டு முறை கேட்டாள். எதுவும் சொல்லவில்லை.

மார்ச்சில் ஓர் இரவு மனாமாவை மழை பிடித்துக்கொண்டது.
சுரங்கச் சாலையில் கார்கள் மிதந்தன,
பாரில் ஏழே பேர்.
அவள் பாடினாள். இரண்டு சரணம் முடிந்தும்
மைக்கை விட்டு நகரவில்லை.
எனக்குப் புரிந்தது.
எதிரொலியை அடிவரை இறக்கினேன்.
டிரம்ஸை மூடப் போனால்
பையன் ஏற்கெனவே குச்சியை மடியில் வைத்திருந்தான்.
அவள் குரல், ஐஸ் இயந்திரத்தின் உறுமல்,
வேறொன்றும் இல்லை.

ஜன்னலோர மேசை ஒக்லஹோமாக்காரர்
எழுந்து வந்து பலகையில் கையூன்றினார்.
இந்தப் பாட்டோடு வளர்ந்தவன் நான்,
கடைசியில் பாடியது இதில் கிடையாது,
அந்தப் பெண் சொந்தமாகச் சேர்க்கிறாள்,
சொல்லி வை.

சொல்கிறேன் என்றேன்.

கேபிள்களைச் சுருட்டும்போது போன் ஒளிர்ந்தது.
அவிலா கேட்டிருந்தாள்:
அங்கே மழையாமே?

தூறல்கூட இல்லை என்று அனுப்பினேன்.